தலைக்குமேல் கதிரவன் இருக்க அணு உலை எதற்கு?



நம் நாட்டில் அணுமின் பேச்சு மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. அணுக்கழிவை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. ஆகவே மலேசியா அணுமின்னை நாடாது என்று 2018 செப்டம்பரில் அன்றைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். ஏழே ஆண்டுகளில் காட்சி மாறிவிட்டது. 2025 சூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 13ஆம் மலேசியத் திட்டத்தில் அணுமின் இடம்பெற்றுள்ளது. 2031ஆம் ஆண்டு இலக்காகக் குறிக்கப்பட்டுள்ளது. இந்த ஏழு ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு நமக்கு விடை கிடைத்துவிட்டதா? இல்லை. கேள்வியைக் கேட்பதைத்தான் நிறுத்திவிட்டோம்.

இது பொறியியலாளர்களும் அமைச்சர்களும் பேசவேண்டிய செய்தி, தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். புதுப்பிக்கத்தக்க ஆற்றல், புதுப்பிக்க இயலாத ஆற்றல் என்று அறிவியல் பாடத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் நாம். இன்று எடுக்கும் முடிவின் சுமையை முதுமை வரை சுமக்கப் போகிறவர்களும் அதே பிள்ளைகள்தாம். ஆகவே நமக்கு வேலை இருக்கிறது.

*எதிர்த்தரப்பின் நியாயம்*

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். அணு உலை புகை கக்குவதில்லை. இரவு பகல், மழை வெயில் பாராமல் ஓடக்கூடியது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது. அந்த நிலக்கரியும் வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வருவது. அதைக் கைவிட்டே ஆகவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அணு அறிவியலும் எனக்குப் பகையன்று. பாங்கியில் 1982 முதல் ஒரு சிறிய ஆய்வு உலை இயங்கி வருகிறது. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் அது பயன்படுகிறது. நன்று! நான் எதிர்ப்பது மின்சாரத்துக்காகப் பேருலை கட்டும் திட்டத்தை மட்டுமே.

*காற்றாலை என்னும் முழக்கம்*

நம் தரப்பிலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். "தமிழ்நாட்டில் எத்தனை காற்றாலைகள்! இங்கே ஏன் வைக்கக் கூடாது?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பயணம் செய்தவர்கள் அந்த வெள்ளை விசிறிக் காட்டைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அங்கே மலையிடுக்கில் பீறிட்டு வரும் பருவக்காற்று இங்கே இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டர் அளவில்தான் இருக்கிறது. காற்றின் ஆற்றலோ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்வது. வினாடிக்கு ஆறு மீட்டர் வீசும் இடத்தில் கிடைக்கும் ஆற்றலில் இருபத்தேழில் ஒரு பங்குதான் இரண்டு மீட்டர் வீசும் இடத்தில் கிடைக்கும். ஆகவே அணு உலைக்கு மாற்றாகக் காற்றாலையைச் சொல்லும் மலேசியர் தம் வாதத்தைத் தாமே பலவீனப்படுத்துகிறார். நம் செல்வம் காற்றன்று, கதிரவன்.

*கொஞ்சம் கணக்குப் போடுவோம்*

1,000 மெகாவாட் அணு உலை ஒன்று ஆண்டில் தொண்ணூறு விழுக்காட்டு நேரம் முழுவீச்சில் ஓடுவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 7,900 மில்லியன் கிலோவாட் மணி மின்சாரம் கிடைக்கும். நம் வெயிலில் ஒரு மெகாவாட் சூரியத் தகடு ஆண்டுக்குச் சுமார் 1.3 மில்லியன் கிலோவாட் மணி தரும். ஆகவே ஓர் அணு உலைக்கு ஈடுசெய்ய 6,000 மெகாவாட் சூரியத் தகடுகள் வேண்டும். அதாவது ஆறு மடங்கு! இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அவ்வளவு தகடுகளுக்கு இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. 2021இல் வெளியிடப்பட்ட அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வழிகாட்டித் திட்டமே இதற்கு விடை சொல்கிறது. மலேசியாவின் கூரைகளில் மட்டும் 42,000 மெகாவாட் அளவுக்குத் தகடு பதிக்க முடியும் என்பது அதன் மதிப்பீடு. நீர்த்தேக்கங்கள் முதலிய நீர்ப்பரப்புகளில் மிதக்கவிடக் கூடியவை இன்னும் 17,000 மெகாவாட். ஒரு மரத்தையும் வெட்டாமல், ஒரு தோட்டத்தையும் அழிக்காமல், கூரைகளிலிருந்து மட்டுமே ஏழு அணு உலைகளின் மின்சாரம்! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

*இரவில் என்ன செய்வது?*

கதிரவன் மாலையில் மறைந்துவிடுமே என்பார்கள். உண்மைதான், சூரிய ஆற்றலின் பெருங்குறை இதுவே. ஆனால் தீர்வில்லாத குறை அன்று. மின்கலங்களின் விலை 2010க்குப் பிறகு ஏறக்குறைய தொண்ணூறு விழுக்காடு வீழ்ந்திருக்கிறது. நம்மிடம் 400 மெகாவாட் கெனிர் அணை இருக்கிறது. 348 மெகாவாட் தெமெங்கோர் அணை இருக்கிறது. பகலில் வெயிலைப் பயன்படுத்தி நீரைச் சேமித்து, இரவில் அந்நீரைத் திறந்துவிடலாம். எஞ்சிய பற்றாக்குறைக்கு, இருக்கின்ற எரிவாயு நிலையங்களைச் சில காலம் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த மாற்றம் நாளையே முடிந்துவிடாது. ஆனால் நாளையே தொடங்கலாம். அணு உலைக்கு அந்த வசதி கிடையாது.

*காலமும் பணமும்*

ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலையின் கட்டுமானம் 2005இல் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில் முடியும் என்றார்கள். முறையான மின் உற்பத்தி தொடங்கியது 2023இல். பிரான்சின் ஃபிளமன்வில் மூன்றாம் உலை 2007இல் தொடங்கி, 2024 இறுதியில்தான் மின்தொடரில் இணைந்தது. செலவோ முதல் மதிப்பீட்டைப் போல நான்கு மடங்காகிவிட்டது. இவை அணுமின் துறையில் அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள நாடுகள்!

அமீரகத்தின் பராக்கா நிலையத்தை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். அது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் பணத்துக்குக் குறைவில்லாத அந்நாடு 2009இல் ஒப்பந்தம் செய்து, முதல் மின்சாரத்தைக் கண்டது 2020இல். பதினோர் ஆண்டுகள்! சிறிய உலைகள் விரைவில் வந்துவிடும் என்கிறார்கள். இரசியாவின் 70 மெகாவாட் மிதக்கும் நிலையத்துக்கே 2007 முதல் 2020 வரை ஆயிற்று. அப்படியிருக்க, நமக்கு 2031 என்பது எந்தக் கணக்கு? அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு எத்தனை ஆயிரம் கூரைகள் மின்சாரம் தரத் தொடங்கியிருக்கும்!

*புக்கிட் மேராவை மறந்தோமா?*

இனி முதன்மையான காரணத்துக்கு வருகிறேன். ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவில் 1982இல் அரிய மண் ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. அது அணு உலை அன்று. ஈயச் சுரங்கங்களின் மிச்சமான மணலிலிருந்து அரிய தனிமங்களைப் பிரித்தெடுத்த சாதாரண ஆலைதான். ஆனால் அதன் கழிவில் கதிரியக்கத் தோரியம் இருந்தது. ஊர் மக்கள் 1985இல் நீதிமன்றம் சென்றார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவை அப்புறப்படுத்தி, கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கும் வேலை அதன்பின் நெடுங்காலம் நடந்தது. ஆலை ஓடியது சில ஆண்டுகள். தோரியத்தின் அரை ஆயுளோ 1,400 கோடி ஆண்டுகள்!

ஒரு சிறிய ஆலையின் கழிவே இத்தனை வழக்கையும் அச்சத்தையும் செலவையும் கொண்டுவந்தது. அதைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள உலைக்கழிவை எந்த மாநிலத்தில், எந்த மலையில், யார் வீட்டுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறோம்? அதில் உள்ள புளுட்டோனியத்தின் அரை ஆயுள் 24,000 ஆண்டுகள். ஃபின்லாந்து 2004 முதல் பாறையைக் குடைந்து அதற்கு ஆழ்கிடங்கு அமைத்தது. இங்கே இடம் பற்றிய பேச்சுகூட எழவில்லை. கழிப்பறைக்கு இடம் பார்க்காமல் மாளிகைக்கு அடிக்கல் நாட்டுவார் உண்டோ?

இன்று பன்னிரண்டு வயதாகும் மாணவனை எண்ணிப் பாருங்கள். 2035இல் ஓர் உலை ஓடத் தொடங்கி அறுபது ஆண்டுகள் இயங்கினால், அது நிற்பது 2095இல். அப்போது அவனுக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். உலை நின்றபின் அதைப் பிரித்தெடுக்கும் செலவு அவன் பிள்ளைகளுக்கு. கழிவுக்குக் காவலிருக்கும் கடமை, பெயர்கூடத் தெரியாத அவன் வழித்தோன்றல்களுக்கு. அவர்களில் ஒருவரிடமும் நாம் ஒப்புதல் கேட்கவில்லை. மின்சாரத்தை நாம் அனுபவித்துவிட்டுக் கடனை அவர்கள் பெயரில் எழுதுவது எந்த அறம்?

*நாம் செய்யவேண்டியது*

வெறும் எதிர்ப்போடு நின்றுவிட வேண்டாம். நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளி மின்சாரம் செலவிடுவது பெரும்பாலும் பகலில். கதிரவன் மின்சாரம் தருவதும் பகலில். இதைவிடப் பொருத்தம் வேறெங்கே கிடைக்கும்? கூரையில் இருபது கிலோவாட் தகடு பதித்த ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 26,000 கிலோவாட் மணி மின்சாரம் கிடைக்கும். பாடநூலில் படமாக இருக்கும் ஆற்றல் மாற்றம் பிள்ளைகளின் கண்முன்னே நிகழும். இன்று எத்தனை கிலோவாட் மணி வந்தது என்று அவர்களே குறித்துப் பட்டைக் குறிவரைவு வரைவார்கள். கணிதமும் அறிவியலும் ஒரே கூரையில் கிடைக்கும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் பள்ளிக்கு வந்தால், மண்டபத்துக்கும் நாற்காலிக்கும் கேட்பதோடு கூரைத் தகட்டுக்கும் கேளுங்கள். கூடவே, அணுக்கழிவை எங்கே வைப்பீர்கள் என்ற ஒரு கேள்வியையும் கேளுங்கள். விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்