வாயசைத்தால் நாடகமாகுமா?

பள்ளி நாடகங்களில் இன்று ஒரு வழக்கம் பரவி வருகிறது. வசனம் முழுவதையும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துவிடுகின்றனர். மேடையில் நிற்கும் மாணவர் அந்த ஒலிக்கேற்ப வாயை மட்டும் அசைக்கிறார். இதனால் வசனம் மறந்துபோகாது, குரல் நடுங்காது, ஒலிவாங்கி பழுதானாலும் கவலையில்லை. இவையெல்லாம் உண்மைதான். ஆயினும், முதன்மைப் பாத்திரம் ஏற்கும் மாணவர் தம் வசனத்தை மனனம் செய்து, மேடையில் நின்று தம் குரலிலேயே பேச வேண்டும் என்பதே என் கருத்து.

தமிழ் நாடக வரலாற்றில் இதற்குத் தக்க சான்று உண்டு. 1940களின் நடுப்பகுதியில், அறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்னும் நாடகம் சென்னையில் மேடையேறவிருந்தது. மராட்டிய மன்னர் சிவாஜியாக நடிக்க முதலில் எம்.ஜி.ஆர். பேசப்பட்டிருந்தார். அது கைகூடாததால், வி. சி. கணேசன் என்ற இளைஞருக்கு அந்த வாய்ப்பு வந்தது. அப்போது அவர் இருபது வயதைக்கூட எட்டவில்லை. ஏறக்குறைய 90 பக்கங்கள் கொண்ட பிரதியை அண்ணா அவரிடம் கொடுத்துவிட்டுச் சென்றார் என்றும், ஏழு மணி நேரம் கழித்து வந்தபோது கணேசன் வசனங்களைப் பேசி நடித்தே காட்டிவிட்டார் என்றும் சொல்வார்கள். நாடகத்தைக் கண்ட தந்தை பெரியார் அவரைச் 'சிவாஜி' என்று அழைத்தார். அன்று முதல் அவர் சிவாஜி கணேசன் ஆனார்.

இந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் ஏழு மணி நேரத்தை எண்ணி வியப்பார்கள். அந்த ஏழு மணி நேரத்துக்கு முன்னே இருந்த ஆண்டுகளையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1928இல் பிறந்த கணேசன் சிறுவனாக இருந்தபோதே நாடகக் குழுவில் சேர்ந்தவர். 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட அக்குழுக்களில் சிறுவர்கள் பாட்டு, நடனம், வசனம் ஆகியவற்றை நாள்தோறும் பயின்றனர். பெண் வேடங்களையும் அவர்களே ஏற்றனர். தமக்குரிய பாத்திரத்தோடு பிறருடைய பாத்திரங்களையும் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டனர். ஒருவருக்கு உடல்நலம் குன்றினால், அன்றிரவே மற்றொருவர் அவ்வேடத்தைக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே, ஏழு மணி நேரத்தில் கணேசன் செய்து காட்டியது பல ஆண்டுப் பயிற்சியின் விளைச்சலே ஆகும்.

"மனனம் பழைய முறை, அது சிந்தனையை மழுங்கச் செய்துவிடும்" என்று சிலர் கூறுவர். பொருள் அறியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பதைப் பற்றி அவர்கள் கூறுவது சரியே. ஆனால், நடிகரின் மனனம் அத்தகையது அன்று. நல்ல நடிகர் முதலில் நாடகம் முழுவதையும் படிக்கிறார். தம் பாத்திரம் இவ்விடத்தில் ஏன் இப்படிப் பேசுகிறது, யாரிடம் பேசுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்டுக்கொள்கிறார். எதிரில் இருப்பவரின் கடைசிச் சொல் எதுவென்று அறிந்து, அதற்கு விடையாகத் தம் வசனத்தைப் பேசப் பழகுகிறார். எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் பொருள் புரிந்த பிறகே விளங்கும். பொருள் புரிந்துவிட்டால் வசனமும் எளிதில் நினைவில் தங்கும்.

குரலும் உடலும் அப்படியே. டி. கே. சண்முகம் 1912இல் பிறந்தவர். 1940களில் அவர்தம் குழுவினர் அரங்கேற்றிய 'ஔவையார்' நாடகத்தில் அவரே ஔவையாராக நடித்தார். முப்பது வயதை ஒட்டிய ஓர் ஆண், தமிழ் மூதாட்டியாக மேடையில் நிற்க வேண்டும்! கூன் விழுந்த நடை, தளர்ந்த கை, முதுமையிலும் தெளிவு குன்றாத பேச்சு ஆகியவை ஒப்பனையால் மட்டும் வந்துவிடுவன அல்ல. மக்கள் அவரை 'ஔவை சண்முகம்' என்றே அழைத்தனர். அப்பாத்திரத்தை அவர் எவ்வளவு ஆழமாகத் தம்முடையதாக்கிக்கொண்டார் என்பதற்கு அப்பெயரே சான்று.

இவையெல்லாம் தமிழகத்துப் பெரிய கலைஞர்களின் கதை, நமக்கு எட்டாதது என்று எண்ண வேண்டா. ஈப்போவை அடுத்துள்ள ஜெலாப்பாங் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இரப்பர்த் தோட்டமே பூர்வீகம். அத்தோட்டங்களில் திருவிழாக் காலத்தில் அரிச்சந்திரன், பவளக்கொடி போன்ற நாடகங்கள் விடிய விடிய நடந்ததுண்டு. பகலில் பால்மரம் வெட்டியவர்களே இரவில் மன்னர்களாக வேடம் கட்டினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் பிறர் சொல்லக் கேட்டு, நீண்ட வசனங்களைப் பிசகாமல் பேசினர். அவர்களுக்கு நாடகமும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது.

இன்றைய மாணவருக்கு இது முன்னைவிட இன்றியமையாதது. வீட்டுக்கு வெளியே மலாய், ஆங்கிலம், சீனம் எனப் பல மொழிகளுக்கிடையே நாம் வாழ்கிறோம். ஒரு நாளில் நாம் பேசும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் வீட்டுப் புழக்கத்தோடு நின்றுவிடுகின்றன. மன்னனின் சினத்தையும் தாயின் புலம்பலையும் நீதி கேட்பவரின் துணிவையும் தமிழில் உரக்கச் சொல்லும் வாய்ப்பு மேடையைத் தவிர வேறெங்கே எளிதில் கிடைக்கும்? லகர, ளகர, ழகர வேறுபாடும் வாய்விட்டுப் பேசினால்தான் நாவில் படியும். ஒலிப்பதிவு நமக்காகப் பேசிவிட்டால் அந்தப் பயிற்சியை நாம் இழந்துவிடுவோம்.

பெரிய மண்டபத்தில் மெல்லிய குரல் கேட்காது என்பது நியாயமான கவலையே. அதற்கு வசனத்தைச் சுருக்கலாம்; ஒலிவாங்கிகளைக் கூட்டலாம்; திரைக்குப் பின்னிருந்து அடியெடுத்துக் கொடுக்க ஒருவரை அமர்த்தலாம். மூன்று வாரங்களுக்கு முன்பே பிரதியைக் கொடுத்தால் மாணவர்கள் அதைப் பொருளுணர்ந்து படிக்க நேரமிருக்கும். மேடையில் ஓரிரு சொற்கள் தடுமாறினால் குறையொன்றுமில்லை. தடுமாறிய மாணவர் அடுத்த வரியைத் தாமே தேடிப் பிடித்துப் பேசும்போது அவருக்கு வரும் துணிவை எந்த ஒலிப்பதிவும் தர முடியாது.