ஒளிந்திருக்கும் கீரை

காய்கறியை அரைத்து, குழந்தைக்குத் தெரியாமல் பிஸ்கோத்தில் மறைத்துக் காலையில் கொடுப்பதை நான் ஆட்சேபிக்கிறேன். 2007-ல் அமெரிக்காவில் ஜெசிக்கா சைன்ஃபெல்டும் மிஸ்ஸி சேஸ் லபைனும் இந்தத் தந்திரத்துக்கு ஆளுக்கொரு புத்தகமே போட்டார்கள். சத்து உள்ளே போகிறது, வாஸ்தவந்தான். ஆனால் நாக்கு என்ன கற்றது? பிஸ்கோத்து நல்லது, கீரை ஒளித்து வைக்க வேண்டிய வஸ்து! புது ருசி பழக 10, 15 தடவைகூட அதைத் தின்று பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். முகமே காட்டாத காயோடு பழகுவது எப்படி? 1940-ல் சர்க்கரைக்கு ரேஷன் வந்த பிரிட்டனில் காரட்டைப் பகிரங்கமாகவே கேக்கில் போட்டார்கள். சர்க்கார் சுவரொட்டியில் அது 'டாக்டர் காரட்' ஆயிற்று. நீங்களும் தாராளமாகப் போடுங்கள். குழந்தை பார்க்கத் துருவுங்கள். பொய்யை மட்டும் மாவோடு பிசையாதீர்கள்.