வெறும் வண்டி சமனாக நிற்பது பெரிய விஷயமல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். டபுள் கெப் வைத்திருக்கும் சகோதரர்களும், வெள்ளம் வந்தால் முதலில் ஓடிப்போகும் எமது ஊர் இளைஞர்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டதையும், களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிய, கடுவெல பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். இரத்மலானையில் எங்கள் வீடுகள் தப்பிவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். அதனால் நாங்கள் சும்மா இருக்கவில்லை. அரிசி, பருப்பு, தண்ணீர்ப் போத்தல், பிள்ளைகளின் பால்மா எல்லாம் ஒரே பின்னேரத்தில் சேர்ந்துவிட்டன. பொல்கொட வாவிப் பக்கம் இருக்கும் ஒரு சகோதரர் தனது பைபர் படகை ட்ரெய்லரோடு தந்தார். அதை இழுத்துப் போக எங்கள் பழைய மாணவர் ஒருவர் தனது பிக்கப்பைக் கொண்டுவந்தார்.

அந்த இரவில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. குறை எங்களிடமும் இருக்கிறது.

அந்த பிக்கப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பிக்கப் எதையும் புதிதாகக் கொண்டுவரும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்பக்கம் இரண்டு மூன்று விரல் உயரமாக இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. முன் ஸ்ப்ரிங்குக்கு மேலே ஸ்பேசர் வைத்து முன்பக்கத்தையும் இரண்டு அங்குலம் தூக்கி, முன்னும் பின்னும் சமனாக்கி விடுவார்கள். இதைத்தான் ‘லெவல் பண்ணுவது’ என்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிவாசல் வாசலில் அந்த வண்டி நின்றால் நாங்களும் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறோம்.

அன்று அந்த வண்டியின் தட்டு நிறைய அரிசி மூட்டை. பின்னால் கொக்கியில் படகு ட்ரெய்லர். படகுக்குள்ளும் சாமான். வால் நன்றாகப் பதிந்து, மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டுவிட்டோம்.

வழியில் ஓரிடத்தில் வீதி விளக்குகள் எதுவும் எரியவில்லை. எதிரே ஒரு த்ரீவீல் வந்தது. எங்களை நெருங்கியதும் தடுமாறி ஓரமாகப் போய்க் கானுக்குள் ஒரு சில்லை இறக்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். உள்ளே ஒரு குடும்பம். பைகள், ஒரு டீவி, ஒரு சின்னப்பிள்ளை. வெள்ளம் வந்த வீட்டை விட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். யாருக்கும் காயமில்லை. அந்த மனிதர் சிங்களத்தில் எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: உங்கள் லைட்டில் எனக்கு முன்னால் எதுவுமே தெரியவில்லை.

நாங்கள் டிம் லைட்டில்தான் வந்துகொண்டிருந்தோம்.

உதவி செய்யப் போன நாங்கள், உதவி தேவைப்பட்ட ஒரு குடும்பத்தையே கானுக்குள் தள்ளியிருக்கிறோம். இதை நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது.

த்ரீவீலைத் தூக்கி வீதியில் விட்டுவிட்டு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அடுத்த பிழையைச் செய்தோம். வண்டியின் வால் பதிந்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதைச் சமனாக்க வேண்டும் என்று, தட்டிலிருந்த மூட்டைகளில் ஒரு பகுதியை எடுத்துப் படகின் பின்பக்கத்தில் அடுக்கினோம். வண்டியின் மூக்கு கொஞ்சம் இறங்கியது. “இப்ப சரி சேர்” என்றார்கள் பிள்ளைகள். எங்களுக்கும் சரியாகத்தான் தெரிந்தது.

பத்து நிமிடம் போகவில்லை. ஒரு பாலத்திலிருந்து இறங்கும்போது ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கியது. இடது பக்கம், வலது பக்கம், ஒவ்வொரு ஆட்டமும் முன்னதை விடப் பெரிதாக. ஓட்டிய பிள்ளை பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு எக்ஸலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் நின்றது. அந்த நேரத்தில் அவருக்கு அந்த நிதானத்தைக் கொடுத்தது அல்லாஹ்தான். பதறிப்போய் பிரேக் அடித்திருந்தால், ட்ரெய்லர் வண்டியை மடக்கி வீதியின் குறுக்கே தள்ளியிருக்கும்.

அதன் பிறகு மூட்டைகளை வேறொரு லொறியில் ஏற்றினோம். படகை மட்டும் மெதுவாக இழுத்துப்போய்ச் சேர்த்தோம்.

சில நாட்கள் கழித்து அந்த மாணவரோடு ஒரு கராஜுக்குப் போனோம். அங்கிருந்த பாஸ், இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பெரியவர். கதையைக் கேட்டுவிட்டு அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “சேர், பின்பக்கம் உயரமா இருந்தது பிழை இல்ல. அது சாமானுக்கு வச்ச இடம்.”

வகுப்பில் நெம்புகோல் பாடம் படிப்பிக்கும் எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆசிரிய கலாசாலையில் சீசோ பலகையை வைத்துப் படித்ததும் இதுதான். கணக்கைப் பாருங்கள்.

ஒரு டபுள் கெப்பின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் ஏறத்தாழ 3 மீற்றர். ட்ரெய்லரைக் கொளுவும் உருண்டை, பின் சில்லிலிருந்து ஏறத்தாழ 1.2 மீற்றர் பின்னால் இருக்கும். அந்த உருண்டையில் 100 கிலோ அழுத்தினால் பின் சில்லுகளில் 100 கிலோ அல்ல, 140 கிலோ ஏறும். மேலதிகமான அந்த 40 கிலோ முன் சில்லுகளிலிருந்து கழியும். பின் சில்லுதான் சீசோவின் நடுக்கட்டை. வாலை அழுத்தினால் மூக்கு எழும்பும். வண்டியைத் திருப்புவது முன் சில்லு. பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கைத் தாங்குவதும் முன் சில்லுதான். அது இலேசாகப் போனால் இரண்டுமே பலவீனமாகும்.

இப்போது வெளிச்சத்தைப் பாருங்கள். முன்பக்கத்தை 5 சென்றிமீற்றர் தூக்கியிருக்கிறோம். பாரத்தால் பின்பக்கம் 5 சென்றிமீற்றர் இறங்குகிறது. 3 மீற்றர் நீளத்துக்குள் 10 சென்றிமீற்றர் சாய்வு. அப்படியென்றால் 30 மீற்றருக்கு அப்பால் அந்த வெளிச்சம் ஒரு மீற்றர் மேலே போகிறது. டிம் லைட் வழமையாக 10 மீற்றருக்கு 10 சென்றிமீற்றர் அளவு கீழ்நோக்கியே வைக்கப்படும். அதைக் கழித்தாலும் 70 சென்றிமீற்றர் மிச்சம். எதிரே வருபவரின் கண்ணில் நேராகக் குத்த அது போதும்.

லெவல் பண்ணாத வண்டியாக இருந்தால், பின்பக்கம் உயரமாக இருந்த அந்த 5 சென்றிமீற்றர்தான் முதலில் செலவாகியிருக்கும். பாரம் ஏறிய பிறகு வண்டி சமனாக நின்றிருக்கும். கம்பனிக்காரன் வைத்த உயரம் அதற்குத்தான். வெறும் வண்டியை அழகாக்க நாங்கள் அதை முன்கூட்டியே செலவழித்துவிட்டோம்.

சரி, ட்ரெய்லர் ஏன் ஆடியது? படகின் எஞ்சின் பின்னால் இருக்கிறது. ஏற்கெனவே வால் பாரமான பொருள் அது. நாங்கள் மூட்டைகளையும் அங்கேயே அடுக்கினோம். ட்ரெய்லரின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால், அதன் மூக்கு பிக்கப்பின் கொக்கியை மேலே தூக்கும். பிக்கப் சமனானதுபோலக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மூக்கில் பாரமில்லாத ட்ரெய்லர் வேகத்தில் இலகுவாக ஆடத் தொடங்கும். அமெரிக்காவில் பிக்கப்புக்குப் பின்னால் சின்ன வீடு மாதிரியான ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பின்பற்றும் பொதுவான கணக்கு, ட்ரெய்லரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை கொக்கியில் இருக்க வேண்டும் என்பது. 700 கிலோ என்றால் 70 முதல் 105 கிலோ. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அன்று இரவு நாங்கள் முதலில் கூட்டினோம், பிறகு குறைத்தோம்.

இதைப் பற்றிப் பேசியபோது சில சகோதரர்கள் எங்களிடம் கோபப்பட்டார்கள். “நல்ல நிய்யத்தோட போன பிள்ளைகள். இப்படிக் குறை பிடிச்சா அடுத்த முறை யார் வண்டி தருவாங்க?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வண்டி தந்த அந்த மாணவர் டீசல் காசு கூட வாங்கவில்லை. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அவரிடம் வண்டி கேட்டது நாங்கள். பாரம் ஏற்றியது நாங்கள். மூட்டையை மாற்றி அடுக்கியதும் நாங்கள்தான்.

ஆனால் நிய்யத் நல்லதாக இருப்பதால் சீசோ பலகை தன் கணக்கை மாற்றிக்கொள்ளாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். எதிரே வரும் த்ரீவீல்காரருக்கு எங்கள் நிய்யத் தெரியாது. எங்கள் லைட் மட்டும்தான் தெரியும்.

வண்டியை லெவல் பண்ணவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அவரவர் காசு, அவரவர் விருப்பம். ஆனால் லெவல் பண்ணிய வண்டியில் பாரம் ஏற்றி ட்ரெய்லரும் இழுப்பதென்றால், பாரம் ஏறிய நிலையில் அந்த வண்டி எப்படி நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்த பிறகே வீதிக்கு எடுக்க வேண்டும். இதுதான் எங்கள் கருத்து. அவசர வேலைக்கு மட்டும் இதில் விலக்கு இருக்கக்கூடாது. அவசரத்தில்தான் பிழை நடக்கிறது.

2016 மே மாத வெள்ளத்தையும் கண்டோம், 2017 மே மாத வெள்ளத்தையும் கண்டோம், இப்போது டித்வாவையும் கண்டுவிட்டோம். தென்மேற்குப் பருவமழை எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஒதுக்குவோம். நிவாரணத்துக்குத் தரக்கூடிய வண்டிகளையும் ட்ரெய்லரையும் ஓரிடத்துக்குக் கொண்டுவருவோம். செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

முதலாவது, அளவு நாடா. நான்கு சில்லுகளுக்கும் மேலே மட்கார்ட் விளிம்பிலிருந்து நிலம் வரை வெறும் வண்டியில் அளந்து எழுதுங்கள். மண் மூட்டை ஏற்றி, ட்ரெய்லரைக் கொளுவி மறுபடி அளவுங்கள். பின்பக்கம் நிறைய இறங்கி முன்பக்கம் எழும்பினால், பாரத்தைக் குறையுங்கள், அல்லது பாஸிடம் காட்டிப் பின் ஸ்ப்ரிங்குக்கு உதவி போடுங்கள். ஆனால் ஸ்ப்ரிங்குக்கு உதவி போட்டதால் வண்டி தாங்கும் பாரம் கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உயரம் மட்டும்தான் மாறும்.

இரண்டாவது, சுவர். ஏற்றிய பாரத்தோடு வண்டியைச் சுவரிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். டிம் லைட்டின் மேல் விளிம்பு, லைட்டின் உயரத்தை விட ஏறத்தாழ 10 சென்றிமீற்றர் கீழே சுவரில் விழ வேண்டும். மேலே விழுந்தால் திருகிச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது, தராசு. வீட்டில் நிறை பார்க்கும் தராசை ட்ரெய்லரின் மூக்குக்குக் கீழே, கொளுவும் உயரத்துக்குக் கட்டை வைத்து வையுங்கள். மேலே சொன்ன கணக்கு வருகிறதா என்று பாருங்கள். கொளுவிய பிறகு ட்ரெய்லர் நிலத்துக்குச் சமனாக நிற்க வேண்டும். இல்லையென்றால் உருண்டையின் உயரத்தை மாற்ற வேண்டும்.

நான்காவது, சங்கிலி, பின் லைட், டயர் காற்று, பிரேக். ஐரோப்பிய நாடுகளில் தனிப் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. நாமும் அதற்குக் கீழேயே நிற்போம். எங்கள் படகு ட்ரெய்லருக்குப் பிரேக் இல்லை. ஆகவே படகு ட்ரெய்லரில் படகு மட்டும். அரிசி மூட்டை லொறியில்.

இன்னொன்று. வண்டியில் மாற்றம் செய்த சகோதரர்கள் அதைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். ட்ரெய்லர் இழுக்க என்ன அனுமதி வேண்டும் என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். வேரஹெர அலுவலகம் நமக்குத் தூரமில்லை. ஒருவர் போய்க் கேட்டு வந்து எல்லோருக்கும் சொன்னால் போதும்.

அந்த மாணவர் இப்போது முன் ஸ்பேசரைக் கழற்றிவிட்டார். நாங்கள் கழற்றச் சொல்லவில்லை. “சேர், நாலு பேர் பார்க்கிறதுக்கு சமனா நின்டு என்ன, வேலைக்குப் போகும்போது சமனா நிக்கோணும்” என்றார். பின்பக்கம் உயரமாகத்தான் இப்போது அந்த வண்டி நிற்கிறது. நண்பர்கள் பகிடி பண்ணுகிறார்களாம்.

பகிடி பண்ணும் தம்பிமாரும் அந்த ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு வாருங்கள். கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள். வாகனம் பற்றி எங்களை விட அதிகம் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறீர்கள். பிழை இருந்தால் திருத்துங்கள், திருத்திக்கொள்கிறோம். பிக்கப் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்பிவையுங்கள்.

கானுக்குள் இறங்கிய அந்தக் குடும்பம் இப்போது தங்கள் வீட்டுக்குத் திரும்பியிருக்கும் என்று நம்புகிறோம். அவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். வீதியில் போகும் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.