திரும்பி வரும் கண்கட்டி

வரக்காப்பொலையைச் சூழ்ந்த றப்பர் தோட்டங்களில் பல்லாண்டு பால் வெட்டி ஓய்ந்த ஒரு மூதாட்டியின் மேலிமையில் வலியற்ற சிறு கட்டியொன்று தோன்றுமாயின், உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடேற்றி அதன்மேல் ஒற்றுவதும், அதற்கும் அடங்காதபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் களிம்பு வாங்கிப் பூசுவதும், கூட்டிச் செல்லும் மகளுக்கு ஒரு நாள் பேரும் கூலியும் போய்விடுமே என்ற கவலையால் பெரிய ஆஸ்பத்திரிப் பயணத்தை மாதக்கணக்கில் ஒத்திப்போடுவதும் நாம் அறிந்த விஷயங்கள். அவரிடம் குறை காண நமக்கு அதிகாரமில்லை. ஆனால், அவர் ஒருவாறு வைத்தியர்களாகிய நம்மிடம் வந்து சேர்ந்தபின், கட்டியைக் கீறிச் சுரண்டி, சுரண்டியதை எறிந்துவிட்டு, சாதாரணக் கண்கட்டிதான் என்று அனுப்பிவைப்பது நம்முடைய பழக்கம். இங்கே பேச வேண்டியது அதைப்பற்றியே.

கண்கட்டி போலவே தோன்றக்கூடிய, இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் பிறக்கும் புற்றுநோய் மகா அபூர்வம் என்று மேலைநாட்டுப் பாடநூல்கள் நமக்குப் போதித்தன. அந்நாடுகளைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் 536 இமைப் புற்றுநோயாளரை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட கட்டுரையில், பாதிக்கு மேற்பட்டோரைப் பீடித்திருந்தது இந்நோயே. மேலிமையில் இச்சுரப்பிகள் மிகுதி. ஆகவே நோயும் அங்கேதான் அதிகம்.

இதன் வஞ்சகம் இருவகைப்பட்டது. ஒன்று, கண்கட்டியின் வேஷம். மற்றொன்று, வெண்படலத்தின் மேற்றோலுக்குள் தீவு தீவாக ஊர்ந்து பரவி, மாதக்கணக்கில் சொட்டுமருந்து விட்டும் ஆறாத ஒற்றைக் கண் சிவப்பாகக் காட்சி தருவது. முதியவரின் இமையில் அதே இடத்தில் கட்டி திரும்பி எழுந்தாலும், அவ்விடத்து இமைமயிர் உதிர்ந்திருந்தாலும், மஞ்சள் சாயல் படர்ந்திருந்தாலும், காதின் முன்னும் தாடையின் கீழும் நிணநீர்க் கணுக்களைத் தடவிப் பார்க்காமல் அவரை எழுந்து போக விடலாகாது. சுரண்டிய ஒவ்வொரு துணுக்கையும் போமலினில் இட்டு, நம் சந்தேகத்தைத் தெளிவாக எழுதி, நோயியல் நிபுணருக்கு அனுப்புவோமாக. கொழுப்புக்குச் சாயமேற்றிப் பார்க்க விரும்பினால் முன்னதாகவே அவருடன் பேசிப் பதப்படுத்தாத இழையத்தைக் கொடுக்க வேண்டும். வழக்கமான பதப்படுத்தலில் மதுசாரமும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும்.

நோய் நிச்சயமானபின், விளிம்பைச் சத்திரசிகிச்சை மேசையிலேயே உறைவெட்டால் சோதித்து, சுற்றிலும் ஐந்து மில்லிமீற்றர் அளவு நல்ல இழையத்தோடு அகற்றுவதும், வெண்படலத்தில் பல இடங்களிலிருந்து பயொப்சி எடுத்துப் பரவலை வரையறுப்பதும் தேசிய கண் வைத்தியசாலை போன்ற இடங்களுக்குரிய வேலை. கண்குழிவரை புகுந்துவிட்டாலோ, கண்ணையே குழியோடு எடுக்க நேரிடும். அந்தக் கொடுமைக்கும் ஒரு சிறு வெட்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் நாம் எறிந்துவிட்ட அந்த முதல் துணுக்கே.

செந்நீலமாய் விரைந்து வளரும் மேர்க்கல் கலப் புற்றுநோயும் இவ்வாறே ஏமாற்றும். 1972 இல் டோக்கர் விவரித்த அந்நோயில் 2008 இல் ஒரு வைரசு கண்டறியப்பட்டது. 2017 இல் அமெரிக்காவில் அவெலுமாப் என்னும் மருந்தும் அதற்கு அனுமதி பெற்றது.

பயொப்சி முடிவு வரும்போது அம்மூதாட்டி லயத்தில் இருப்பார். மகளின் தொலைபேசி இலக்கத்தையும் தோட்டத்து மருத்துவ உதவியாளரின் இலக்கத்தையும் அன்றே பதிந்துகொண்டு, அடுத்த கிளினிக் தேதியை அவர்கள் வாசிக்கக்கூடிய தமிழில் சிட்டையில் எழுதிக் கொடுப்போம்.