மஞ்சப்பையின் சாயம்

சிதம்பரத்து ரத வீதிகளை ஒட்டிய கல்யாண மண்டபங்களிலிருந்து தேங்காயும் வெற்றிலை பாக்கும் தாங்கிப் புறப்படும் மஞ்சள் துணித் தாம்பூலப் பைகள், மறுவாரமே கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் கத்தரிக்காயும் கீரையும் சுமந்து திரிவதைக் காண்போர் எவரும் ஆச்சரியப்படுவதில்லை. நம் ஜில்லாவில் பைக்கு ஆயுசு அவ்வளவு கெட்டி. ஆனால் மணமக்களின் பெயரைத் தாங்கிய மை, நாலைந்து தடவை மடித்துக் கசங்கியதும் வெடித்துச் செதிள் செதிளாக உதிர்கிறது. பைக்குள் பையாகத் திணித்து அடுக்களைக் கதவில் மாட்டி வைப்பது நம் வழக்கமாதலால், ஒன்றின் மேற்பூச்சு மற்றொன்றின் உட்புறத்தில் பொடியாய்ப் போய்ச் சேருகிறது. அந்த மை எதனால் ஆனதென்று கேட்பார்தாம் இல்லை.

கேட்பதற்குக் காரணம் உண்டு. பளிச்சென்ற மஞ்சள் வர்ணத்துக்காக வெகுகாலமாகப் பிரயோகிக்கப்பட்டு வந்த மலிவான நிறமிகளுள் முக்கியமானது ஈயக் குரோமேட். வங்கதேசத்தில் சமையல் மஞ்சளுக்கே அதைப் பூசி மெருகேற்றிய அக்கிரமத்தை 2019-இல் வெளியான ஆராய்ச்சி அம்பலப்படுத்தியது. அமெரிக்காவில் வெக்மன்ஸ் என்ற அங்காடி ஸ்தாபனம், மறுபடியும் உபயோகிப்பதற்கென்றே விற்ற பைகளில் ஈயம் காணப்பட்டதன் பேரில், 2010-இல் சுமார் 7,25,000 பைகளுக்கு மாற்றுப் பை தர நேர்ந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் இவ்வுலோகத்தில் தீங்கற்ற அளவென்று தெரிந்தது எதுவுமில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அபிப்பிராயம்.

இதைப் பூதாகாரமாக்குவதும் நியாயமன்று. கீரையை நாம் அலசித்தான் சமைக்கிறோம். பையின் காதைச் சப்பும் குழந்தையும், கிழிந்த பையைக் குப்பையோடு கொளுத்தும் பழக்கமுமே என்னை அதிகமாக உறுத்துகின்றன. அப்படியானால் பிளாஸ்டிக்குக்கே திரும்பிவிடலாமே என்று இதைச் சாக்காக வைத்து வாதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2019 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த பிளாஸ்டிக் தடையும், 2021 டிசம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்த 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் அவசியமானவையே.

விபரீதம் வேறிடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் கைப்பை ஒன்று சாயமின்றி இருக்க வேண்டும், அல்லது உணவோடு சேரத்தக்க நிறமிகளென்று இந்தியத் தர நிர்ணயம் ஏற்றவற்றையே கொள்ள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் விதிக்கின்றன. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயிண்டில்கூட ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகலாகாதென்பது 2017 நவம்பர் முதல் சட்டம். இரண்டிலும் சேராத துணிப்பையோ, நல்ல பிள்ளையென்று பெயர் வாங்கிய காரணத்தாலேயே பரிசோதனைக்குத் தப்பி நிற்கிறது.

பையைக் கிழிக்காமல் சில நிமிஷங்களில் ஈயத்தைக் கண்டறியும் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவிகள் வந்துவிட்டன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலூர் அலுவலகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ரசாயனத் துறையும் கைகோத்தால், நம் கடைவீதிப் பைகளைச் சோதித்து முடிவைப் பகிரங்கமாக வெளியிடுவது பெரிய காரியமன்று. அதற்கு முன்னதாகவே, அரசாங்கம் தன் பணத்தில் வாங்கும் மஞ்சப்பைக்கான டெண்டரில், சாயமும் மையும் ஈயமற்றவை என்ற பரிசோதனைச் சான்றைக் கட்டாயமாக்கட்டும். பை தைத்துப் பிழைக்கும் மகளிர் குழுக்களின் தலையில் அச்செலவைக் கட்டாமல், மை விற்கும் வியாபாரியிடமே அதைக் கேட்டு வாங்கட்டும்.