காயம்பட்டோரின் காவலன்

1944 ஜூலை 7. பசிபிக் சமுத்திரத்தில் ஸைபன் தீவு. தோல்வி நிச்சயம் என்று அறிந்த ஜப்பானிய ராணுவத் தலைமை, எஞ்சிய சிப்பாய்களையெல்லாம் திரட்டி, விடியுமுன்னே அமெரிக்கப் படைமீது ஏவிவிட்டது. முன்னணிக் குழிகளுக்குப் பின்னால் சுமார் 50 கஜ தூரத்தில் ஒரு சிகிச்சைக் கூடாரம். சில நிமிஷங்களில் முப்பது பேர் காயங்களோடு அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சை செய்து கொண்டிருந்தவர் காப்டன் பென் ஸாலமன், வயது 29.

யார் இவர்? மில்வாக்கி நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1937-ல் பல் வைத்தியப் பட்டம் பெற்றவர். 1940-ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்க்கப்பட்டு, யந்திரத் துப்பாக்கிப் பிரிவில் சார்ஜண்ட் ஆனவர். பிறகே அவரைப் பல் வைத்திய அதிகாரியாக்கினார்கள். ஸைபனில் பட்டாளத்து டாக்டர் காயமுற்றபோது, அந்த இடத்துக்குத் தாமே முன்வந்தார். ஐரோப்பாவில் ஹிட்லர் யூத மக்களைக் கொன்று குவித்த காலம் அது. அந்த ஹிட்லரின் கூட்டாளியை எதிர்த்து நின்றார் இந்த யூத இளைஞர்.

கூடாரத்துக்குள் புகுந்த எதிரிகள், படுத்துக் கிடந்தவர்களைத் துப்பாக்கி ஈட்டியால் குத்தத் தொடங்கினார்கள். ஸாலமன் எதிர்த்துப் போராடினார். காயமுற்றோரைப் பின்னணிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, தாம் வெளியே நின்று எதிரியைத் தடுத்தார். யந்திரத் துப்பாக்கிக்காரர்கள் மாண்டதும் அதைத் தாமே பிடித்தார். பிறகு அவர் உடலைக் கண்டெடுத்தபோது அதில் 76 காயங்கள். எதிரே 98 சடலங்கள்.

இந்தத் தியாகத்துக்குக் கிடைத்தது என்ன? கையில் செஞ்சிலுவைப் பட்டை அணிந்தவர் ஆயுதம் ஏந்தக் கூடாதென்று சொல்லி, விருதுச் சிபாரிசைத் தளபதி நிராகரித்தார். ஆனால் 1929 ஜெனீவா ஒப்பந்தம் என்ன சொல்கிறது? தற்காப்புக்காகவும், நோயாளிகளையும் காயமுற்றோரையும் காப்பதற்காகவும் வைத்தியப் பிரிவினர் ஆயுதத்தை உபயோகிக்கலாம் என்கிறது! பின்னர் செய்த சிபாரிசுகளும் பலிக்கவில்லை. அவர் படித்த தென் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் பல் வைத்தியர்கள் விடாமல் வாதாடினார்கள். 58 ஆண்டுகள் கழித்து, 2002 மே மாதத்தில்தான் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

98 என்ற எண்ணிக்கையை நாம் கொண்டாடவில்லை. அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே; யுத்த வெறியர்கள் சாவுக்கு அனுப்பிய சிப்பாய்களே. “காயமுற்றவன் முதலில், நான் கடைசியில்” என்று ஒரு வைத்தியர் தம் உயிரைக் கொண்டு காட்டிய நெறியையே நாம் போற்றுகிறோம்.

எழுந்து நிற்க முடியாதவனைக் காப்பதற்காகவே யுத்த விதிகள் எழுதப்பட்டன. அந்த விதியைக் காட்டி, காத்தவனையே தண்டிப்பது அநீதி. காயமுற்றவனையும் அவனுக்குக் கட்டுப் போடுகிறவனையும் கொல்லுகிறவன், எந்தக் கொடியைப் பிடித்தாலும் குற்றவாளியே!