மோல்டின் வயதைப் பெட்டியில் அச்சிடுங்கள்

1957 ஷெவர்லே பெல் ஏர் கட்ட ஆசைப்படுபவருக்கு ரெவெல் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வெவ்வேறு கிட்டுகள் வந்திருக்கின்றன. முதலாவது, 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் வெனிஸ் நகரிலிருந்து ரெவெல் வெளியிட்ட 1/25 கிட். கதவு, பானெட், டிக்கி எல்லாம் திறக்கும். இரண்டாவது மோனோகிராமின் 1/24. இரு நிறுவனங்களும் 1986-ல் ஒரே உரிமையாளரிடம் சேர்ந்த பிறகு அதுவும் ரெவெல் பெட்டிக்குள் வந்துவிட்டது. மூன்றாவது, அதற்கும் பிறகு புதிதாக வெட்டிய 1/25 மோல்டுகள். மூன்று பெட்டியிலும் படம் பளபளக்கிறது, கார் ஒன்றுதான், சின்னமும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் மோல்டு எந்தக் காலத்தது, யார் வெட்டியது என்று எந்தப் பெட்டியும் தெளிவாகச் சொல்வதில்லை.

காலிப்பரை எடுத்துப் பாருங்கள். அசல் காரின் வீல்பேஸ் 115 அங்குலம், அதாவது 2921 மி.மீ. 1/25-ல் அது 116.8 மி.மீ. வர வேண்டும், 1/24-ல் 121.7. ஏறக்குறைய 5 மி.மீ. வித்தியாசம். ஒரு கிட்டின் சேஸியை இன்னொன்றின் பாடிக்கு அடியில் வைக்கலாம் என்று வாங்கியவருக்கு இது எப்படிப்பட்ட ஏமாற்றம் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அளவு ஒன்றாக இருந்தாலும் சிக்கல் தீராது. கதவு திறக்கும் பழைய கிட்டில் பாடி பல துண்டுகளாக வருகிறது. பசை தொடும் முன் துண்டுகளை டேப் போட்டு நிறுத்தி, கதவு ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கீல் உட்காருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பொறுமை உள்ளவருக்கு அது அருமையான வேலை. முதல் கிட்டாக வாங்கிய பதினான்கு வயதுப் பையனுக்கு அது இந்தப் பொழுதுபோக்கையே வெறுக்க வைக்கும். இருவரும் ஒரே மாதிரிப் பெட்டியைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

மறுவெளியீடுகளை நான் எதிர்க்கவில்லை. அவை இல்லாவிட்டால் நம்மில் பலர் ஏஎம்டியின் 1949 மெர்குரியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டோம். நான் கேட்பது வேறு. பழைய கிட்டின் மறுவெளியீடு அந்தக் கிட்டுக்கு உண்மையாக இருக்கட்டும். புது மோல்டு காருக்கு உண்மையாக இருக்கட்டும். இரண்டில் எது என்று பெட்டியிலேயே தெரியட்டும். இந்த இரண்டு அளவுகோலும் குழம்பிப் போனதால்தான் நம் மதிப்புரைகளும் குழம்புகின்றன. அறுபது ஆண்டுப் பழைய மோல்டை இன்றைய ஜப்பானியக் கிட்டோடு ஒப்பிட்டுத் திட்டுகிறோம். நேற்று வெட்டிய மோல்டில் கூரை வளைவு தப்பாக இருந்தால், 'பரவாயில்லை, பழைய நினைவு' என்று விட்டுவிடுகிறோம்.

பழைய அமெரிக்கக் கிட்டுகளின் பிழைகளுக்குக் காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் கோபம் குறையும். ஏஎம்டி 1948-ல் மிச்சிகனில் தொடங்கியது, கார் டீலர்கள் மேசைமேல் வைக்கும் விளம்பர மாதிரிகளைச் செய்வதற்காக. 1958-ல் அந்த மாதிரிகளையே துண்டுகளாகப் பெட்டியில் போட்டு, மூன்று விதமாகக் கட்டலாம் என்று விற்றார்கள். டெட்ராய்ட்டின் ஜோ-ஹானுக்கும் அதே டீலர் மேசைதான் தொட்டில். சில ஆண்டுகளில் எம்பிசியும் இதே வியாபாரத்தில் இறங்கியது. கார் நிறுவனமே வரைபடங்களைக் கொடுத்ததால் பாடியின் வடிவம் பல சமயம் வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக இருக்கும். கார் வெளிவரும் முன்பே வரைபடம் கைக்கு வந்துவிடுவதால், கடைசி நேரத்தில் தொழிற்சாலை மாற்றிய ஒரு கிரில் பட்டையோ சின்னமோ கிட்டில் பழையபடியே நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் கீழே திருப்பிப் பார்த்தால் கதை வேறு. சைலன்ஸரும் புகைக்குழாயும் சேஸித் தகட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். முன் சக்கரங்களை இணைக்கும் இரும்புக் கம்பி எஞ்சினின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு போகும். எஞ்சின் பிளாக்கின் இரண்டு பக்கமும் அதற்காகவே ஓட்டை விட்டிருப்பார்கள். சக்கரம் உருள வேண்டும், சிறுவன் தரையில் தள்ளி விளையாட வேண்டும், அதற்குத்தான் அந்த ஓட்டை. மறுவெளியீட்டில் அந்த ஓட்டையைப் பார்த்து, 'இதைக்கூட அடைக்கக் கூடாதா' என்று நமக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அடைக்கக் கூடாது என்பதே என் கருத்து. பிளாஸ்டிக் துண்டைச் செருகி அடைப்பது நமக்குப் பத்து நிமிட வேலை. மோல்டில் ஒருமுறை அடைத்துவிட்டால், 1960களின் கிட் எப்படி இருந்தது என்பதற்கான சான்று போய்விடும்.

சான்று எப்படிப் போகும் என்பதற்கு அந்தக் காலத்து வழக்கமே சாட்சி. டெட்ராய்ட் ஒவ்வோர் ஆண்டும் காரின் முகத்தை மாற்றியது. கிட் நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் புது மோல்டு வெட்டவில்லை. சென்ற ஆண்டு மோல்டின் முகப்பையும் வாலையும் மட்டும் திருத்தி இந்த ஆண்டுக் காராக்கின. 1963-ன் எஃகில்தான் 1964 செதுக்கப்பட்டது, அதன்மேல் 1965. அந்த வடிவம் காலாவதியான பிறகும் மோல்டுக்கு ஓய்வில்லை. சக்கர வளைவுகளை அகல வெட்டி, பின் இருக்கையைத் தூக்கிவிட்டு, ஓவல் தடப் பந்தயக் காராகவோ டிராக் காராகவோ மாற்றி இன்னொரு சுற்று விற்றார்கள். எஃகை வெட்டி எடுத்தபின் பழைய நிலைக்குக் கொண்டுவர வெல்டிங் போட்டு, மறுபடி செதுக்கி, மறுபடி மெருகேற்ற வேண்டும். ஆகவே '1963 கன்வெர்டிபிளை ஏன் திரும்ப விடுவதில்லை' என்று கேட்பவர்களுக்கு, பல சமயம் பதில் ஒன்றுதான்: அந்த மோல்டு இப்போது 1963 கன்வெர்டிபிள் இல்லை.

உரிமை கைமாறியதும் குழப்பத்தைக் கூட்டியது. ஏஎம்டி 1978-ல் மேட்ச்பாக்ஸ் புகழ் லெஸ்னியிடம் போய், பிறகு எர்டிலிடம் வந்தது. எம்பிசியும் 1980களின் நடுவில் எர்டிலிடமே சேர்ந்தது. இன்று இரண்டு பெயரும் ரவுண்ட் 2-விடம். ரெவெலும் மோனோகிராமும் ஹாபிகோவின் கையில் இருந்தபோது 2018 ஜனவரியில் அந்த நிறுவனம் திவாலானது. ரெவெல் பெயர் ஒரு ஜெர்மன் முதலீட்டு நிறுவனத்துக்குப் போக, பழைய மோல்டுகளில் ஒரு பகுதியை நியூயார்க்கின் அட்லாண்டிஸ் வாங்கியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மோல்டுகள் லாரி ஏறின, கிடங்கு மாறின. எது எங்கே கிடக்கிறது, எதில் எந்த இன்சர்ட் காணவில்லை என்பதெல்லாம் பழைய ஊழியர்களின் தலைக்குள் இருந்தது. ஜோ-ஹானின் மோல்டுகள் சிதறிப்போனதை நம் துறையின் பெரிய இழப்பு என்பேன்.

இந்த வருத்தத்துக்குக் காரணம் உண்டு. கிரைஸ்லர் 1963-64-ல் டர்பைன் எஞ்சின் கார்கள் 55-ஐத் தயாரித்தது. பாடியை டூரினில் கியா (Ghia) நிறுவனம் செய்துகொடுத்தது. சோதனை முடிந்ததும் கிரைஸ்லர் 46 கார்களை அழித்துவிட்டது, மிஞ்சியவை 9. அந்தக் காரை அது ஓடிய காலத்திலேயே ஜோ-ஹான் 1/25-ல் கிட்டாகக் கொண்டுவந்தது. அழிக்கப்பட்ட ஒரு காரின் உருவத்தை அந்தக் காலத்திலேயே எஃகில் பிடித்துவைத்த ஆவணம் அது. இப்படிப்பட்ட மோல்டில் 'திருத்தம்' செய்ய நினைப்பவர் பழைய செப்பேட்டை எடுத்து எழுத்துப்பிழை திருத்துபவர்தான். டாம் டேனியல் வரைந்து மோனோகிராம் வெளியிட்ட ரெட் பாரன் இதற்கு நேர் எதிரான நிலை. அங்கே கிட் முதலில் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஓடும் காரையே பிறகு கட்டினார்கள். ரெட் பாரன் கிட் துல்லியமா என்று கேட்டால் எதோடு ஒப்பிடுவது? கிட்தான் அங்கே அசல்.

பழைய மோல்டு, புது மோல்டு என்ற இரண்டும் போக, இப்போது மூன்றாவது வகை ஒன்று வந்திருக்கிறது. தொலைந்துபோன மோல்டுக்குப் பதிலாக, கட்டாமல் காப்பாற்றப்பட்ட பழைய கிட்டை ஸ்கேன் செய்து, அதே துண்டுகளைப் புது எஃகில் வெட்டுவது. ரவுண்ட் 2 இந்த வழியில் சில அருமையான கிட்டுகளை மீட்டிருக்கிறது, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாலிஸ்டைரீன் குளிரும்போது ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்கும். மோல்டு வெட்டுபவர் அதற்காக எஃகில் குழியைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுவார். நாம் ஸ்கேன் செய்வது ஏற்கெனவே சுருங்கிய பிளாஸ்டிக்கை. அந்த அளவிலேயே எஃகை வெட்டினால் வார்ப்பு இன்னொருமுறை சுருங்கும்; 200 மி.மீ. பாடியில் 1 மி.மீ. போய்விடும். அரை நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்த பாடி கொஞ்சம் கோணியிருந்தால் அந்தக் கோணலும் ஸ்கேனில் ஏறும். தேர்ந்த டூல் ரூம் இதையெல்லாம் கணக்கில் எடுக்கும். எடுத்ததா என்று பார்ப்பது மதிப்புரை எழுதுபவரின் வேலை. பெட்டியில் 'புது டூலிங்' என்று மட்டும் போட்டிருந்தால், காரை அளந்து வெட்டியதா, பழைய கிட்டைப் பார்த்து வெட்டியதா என்று அவருக்கே தெரியாது. முதலாவதென்றால் கூரை உயரம் தப்பானதற்கு மன்னிப்பில்லை. இரண்டாவதென்றால் அந்தத் தப்பு அப்படியே இருப்பதுதான் வெற்றி.

ஆகவே இந்த இதழிலிருந்து நம் மதிப்புரைகள் மாறுகின்றன. எந்தக் கிட்டானாலும் மோல்டின் வரலாற்றை முதல் பத்தியிலேயே சொல்வோம்: தொடாத பழைய மோல்டா, திருத்தி மீட்டதா, ஸ்கேன் செய்து மறுபடி வெட்டியதா, காரிலிருந்து புதிதாக வடித்ததா. உறுதியாகத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்போம். பதில் வராததையும் அச்சிடுவோம். பழைய மோல்டில் ஃபிளாஷ், சிங்க் மார்க், குரோம் பூச்சின் தடிமன், பார்டிங் லைன் ஆகியவற்றை அதே கிட்டின் முதல் வெளியீட்டோடு ஒப்பிடுவோம். புது மோல்டு மட்டுமே காரோடு ஒப்பிடப்படும், அதுவும் எண்களோடு. புகைப்படத்தை மட்டும் வைத்துக் கூரை தாழ்ந்துவிட்டது என்று எழுதும் வழக்கத்தை நாம் நிறுத்திக்கொள்வோம். அருகே நின்று வைட் லென்ஸில் எடுத்த படம் எந்தக் காரின் முகத்தையும் ஊதிக் காட்டும்.

எண்களிலும் எல்லாம் சமமில்லை. வீல்பேஸை நம்பலாம். மொத்த நீளத்தை, பம்பர் கார்டு சேர்த்ததா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். உயரத்தைக் கடைசியில் வையுங்கள். டயரும் ஸ்பிரிங்கும் ஏற்றிய எடையும் மாறினால் அதுவும் மாறும். பாடியில் மட்டும் எடுக்கக்கூடிய அளவுகளே உதவும்: விண்ட்ஷீல்டின் அடி அகலம், கதவின் நீளம், முன் சக்கர வளைவின் மையத்திலிருந்து கதவு ஓரம் வரை.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். முதல் வெளியீட்டுக் கிட் கட்டாமல் உங்களிடம் இருந்தால், விற்பதற்கு முன்போ கட்டுவதற்கு முன்போ அளந்து அனுப்புங்கள். பாடியைச் சமமான கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆடினால் அது கோணியிருக்கிறது, அதையும் குறியுங்கள். ஒவ்வோர் அளவையும் இரண்டு பக்கமும் எடுங்கள். டயர்களைப் பிளாஸ்டிக்கின்மேல் விட்டுவைக்காதீர்கள். பழைய வினைல் தொட்ட இடத்தைக் கரைத்துவிடும். சேஸியின் அடியில் இருக்கும் பதிப்புரிமை வரியையும் ஸ்ப்ரூவில் உள்ள பாக எண்களையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பெட்டிகள் எத்தனை முறை மாறியிருந்தாலும் அந்த வரியை அழிக்கப் பல தயாரிப்பாளர்கள் மெனக்கெடவில்லை. முதல் பட்டியலை 1957 ஷெவியிலிருந்து தொடங்குகிறோம். ஏஎம்டி, ரெவெல், மோனோகிராம் மூன்றின் அளவுகளும் வேண்டும்.